ஜன்னல் பக்கத்துக் காது

என் சித்தப்பா மெதுவாகப் பேசி அந்த நாட்களில் யாரும் கேட்டதில்லை. தெருமுனையில் அவர் யாரிடமாவது நேரம் கேட்டால் எங்கள் வீட்டுக்குள் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் என் அப்பாவைப் பார்க்க வந்தவர், "இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த யாரோ ஒருவர், "நேத்தைக்கு இன்னிக்கு தேவலைங்க" என்று பதில் சொன்னார்.

லாரி ஓட்டுகிறவர் அப்படித்தான் பேசுவார் என்று நாங்கள் விட்டுவிட்டோம். இருபது வயதிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி. அதற்கு மூக்கன் என்றே பெயர். முதலாளி அதைக் கழித்துக்கட்ட நினைத்தபோது சித்தப்பாவே வாங்கிக்கொண்டார். உருண்டையான முன்கண்ணாடி, கையால் சுற்றி இறக்கும் ஜன்னல், அதன் ஓரத்தில் திருப்பி வைத்தால் முகத்தில் காற்றை அடிக்கும் ஒரு முக்கோணக் கண்ணாடி. பார்ப்பதற்கு லட்சணமான வண்டி. நாற்பதைத் தாண்டி ஓட்டினால் உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அவளிடம் நம்பரைச் சொல்லிக் காத்திருக்க வேண்டிய காலம் அது. லோடு இறக்கிய ஊர்களிலிருந்து சித்தப்பா தன் முதலாளிக்கு போன் செய்வார். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ சித்தி காதுக்கருவியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க போனை வெச்சிட்டுப் பேசினாலே அவருக்குக் கேட்டுடும்" என்றிருக்கிறாள். யார் இப்படிச் சொன்னது என்று பார்க்க அடுத்த வாரம் எக்சேஞ்சு வாசலுக்கே வந்து நின்றார். ஆறு மாதத்தில் கல்யாணம். அன்றிலிருந்து அவளை அவர் கூப்பிடுவதே "எக்சேஞ்சு" என்றுதான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளி விடுமுறை பாதியும் நான் அங்கேதான் கிடப்பேன். சித்தப்பா மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மற்ற நாட்களில் அவர்கள் குடித்தனம் முழுக்க போனில்தான் நடந்தது. "எங்க இருக்கீங்க?" "பாலத்துக்குக் கிட்ட." "சாப்டீங்களா?" "ஆச்சு." "எப்ப வருவீங்க?" "நாளன்னிக்கு." இவ்வளவுதான். ஆனால் போனை வைத்த பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தால், ஏதோ நீண்ட கடிதம் படித்து முடித்தவள் மாதிரி இருக்கும்.

அம்பத்தெட்டு வயதில் சித்தி ஓய்வுபெற்றாள். மறுவாரமே ஒரு பையில் துணியை எடுத்துவைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் அம்மா பதறிப்போய், "உனக்கென்ன பைத்தியமா, இந்த வயசுல லாரியிலயா சுத்துவே?" என்று கேட்டதற்கு, "முப்பத்திநாலு வருஷம் எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு கேட்டாச்சுக்கா. இனிமே நேர்ல பாத்துக்கறேன்" என்றாள்.

அப்போது சித்தப்பா ஒரு மரப்பட்டறைக்கு நிரந்தரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடங்களுக்கான பெஞ்சு, மேசை எல்லாம் ஏற்றிப் போவார். அவசரமில்லாத சரக்கு, பழகிய பாதை. கூட ஆள் ஏறினால் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாம் சரிதான். ஒரே ஒரு குறை, அவர்களால் பேசிக்கொள்ள முடியவில்லை.

வண்டி வேகம் எடுத்ததும் கதவிடுக்கில் காற்று ஊளையிடும். காலடியில் பெடல்கள் இறங்கும் ஓட்டைகளின் வழியாக இஞ்சின் இரைச்சலும் தூசியும் மேலே வரும். சித்தியின் பக்கத்துக் கதவு மேல்மூலையில் விரல் நுழையுமளவுக்கு விலகியிருந்தது. அங்கிருந்து ஊசிபோலக் காற்று நேராக அவள் கழுத்தில் விழும். அவள் தொண்டை கிழிய, "அடுத்த மாசம் அக்கா பொண்ணு பரீட்சை முடிஞ்சு வர்றா" என்பாள். அவர் தலையை ஆட்டி, "ஆமா, புது டயர்தான்" என்பார். ஒரு வாரத்தில் பேச்சை விட்டுவிட்டுச் சைகைக்கு மாறினார்கள். முன்பலகையில் ஒரு தட்டு தட்டினால் டீ. இரண்டு தட்டினால் உடனே நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

"போன்லயாவது நாலு வார்த்தை பேசுவோம். இப்ப பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஊமையா போறோம்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பாதிச் சிரிப்புதான்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டது. புத்தம்புதிய வண்டி, ஏசி வைத்த கேபின், கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே இடி இடித்தாலும் தெரியாது. உறவு முழுக்க நல்லதென்றது. சித்தப்பா மாட்டேன் என்றார். காரணம் கேட்டால், "மூக்கன் இருக்கான் இல்ல" என்பார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டோம்.

குளிர்காலம் வந்ததும் சித்தி கம்பளித் துண்டை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு போனாள். ஒருநாள் காலை எழுந்தவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தோள் வரைக்கும் இறுகிக் கிடந்தது. கூப்பிட்டால் கழுத்தோடு உடம்பும் சேர்ந்து திரும்பும். டாக்டர் மாத்திரை கொடுத்து, பத்து நாள் காற்றில் போகக் கூடாது என்றார்.

சித்தப்பா தனியாக ஒரு லோடு போய்விட்டு வந்தார். வந்தவர் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தவில்லை, நேராக டிங்கர் கடைக்கு ஓட்டிப்போனார். அடிபட்ட வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவர் டிங்கர். வார்த்தையை எண்ணித்தான் செலவழிப்பார். சித்தப்பா ஒரு பக்கம் முழங்க, அவர் மறுபக்கம் முனக, இருவருக்கும் பல வருடப் பழக்கம்.

"தம்பி, வீட்டுல அவளுக்குக் கழுத்து புடிச்சுக்கிச்சு. இந்த வண்டிக்குள்ள ஒரு பொட்டுக் காத்து வரக் கூடாது."

டிங்கர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார். "அண்ணே, இது கேபின் இல்ல. சல்லடை."

"சல்லடையக் குடமாக்கு."

பட்டறையின் ஷட்டர்களை இறக்கி இருட்டாக்கி, டிங்கர் ஒரு பெரிய விளக்கை வண்டிக்குள் வைத்துக் கதவுகளைச் சாத்தினார். அன்று சித்தியும் நானும் போயிருந்தோம். கதவோரம் எல்லாம் வெளிச்சம் கோடு கோடாகக் கசிந்தது. முன்கண்ணாடியின் கீழே, தரையில் பெடல் இறங்கும் இடத்தில், ஒயர்கள் நுழையும் ஓட்டைகளில், எங்கெங்கோ பொட்டுப் பொட்டாக. சித்தி கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு ஆளாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்றாள்.

முதல் இரண்டு நாள் வேலை மடமடவென்று நடந்தது. தேய்ந்துபோன டயர் டியூபை வெட்டிப் பெடல் ஓட்டைகளுக்கு வளையம் தைத்தார்கள். ஒயர் ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி. தரையில் தடித்த கம்பளியைப் பரப்பி அதன்மேல் ரப்பர் விரிப்பு. புகைக்குழாய் போகும் இடத்தில் மட்டும் துணி எதுவும் வைக்காமல் டிங்கர் தகடு அடித்தார். கதவின் அடிவிளிம்பில் இருந்த சின்ன ஓட்டைகளைச் சித்தப்பா அடைக்கப் போனார். டிங்கர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது மழைத்தண்ணி வெளிய போற வழிண்ணே. அடைச்சா கதவு உள்ளுக்குள்ள துருப்புடிச்சு உக்காந்துடும்."

கதவுக்குத்தான் பெரும்பாடு. சித்தப்பா கடைக்குப் போய் இருப்பதிலேயே தடியான ரப்பர்ப் பட்டையை வாங்கி வந்தார். ஒட்டிய பிறகு கதவு சாத்தவே இல்லை. தோளால் இடித்துச் சாத்தினால் பூட்டு பிடிக்கவில்லை. டிங்கர் ஒன்றும் சொல்லாமல் பட்டையை உரித்துப் போட்டார். செய்தித்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவிடுக்கில் ஒவ்வோர் இடமாக வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார். கீழ்ப்பக்கம் தாள் கிழிந்தது. மேல்பக்கம் வெண்ணெயில் இழுத்ததுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து அடியில் கைகொடுத்துத் தூக்கினார். கதவு அரை விரல் உயரம் எழும்பியது.

"கீல் தேஞ்சு கதவு தொங்குது. ரப்பர் என்னண்ணே பண்ணும், பாவம்."

கீலுக்குப் புது ஆணிகளை லேத்தில் கடைந்து வாங்கிவர ஒருநாள் ஆகும். அதற்குள் காற்று வேறு எங்கெல்லாம் நுழைகிறது என்று பார்த்துவிடலாம் என்றார் டிங்கர். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை எல்லா இடுக்கின்மேலும் வெளியிலிருந்து ஒட்டிவிட வேண்டும். ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டாக உரித்து, எதை உரித்ததும் சத்தம் வருகிறது என்று கேட்க வேண்டும்.

"கேக்கறதுக்கு ஆள் வேணும்" என்றார்.

சித்தி கம்பளித் துண்டோடு எழுந்து நின்றாள். "முப்பத்தஞ்சு வருஷம் வேற என்ன பண்ணேன்?"

இருவரையும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, டிங்கர் சுற்றிலும் டேப்பை ஒட்டினார். பார்சல் கட்டிய மாதிரி இருந்தது. ஊருக்கு வெளியே நேரான சாலையில் அவர்கள் முன்னால் போக, டிங்கர் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆகவே உள்ளே நடந்ததைச் சித்தி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டேப் முழுக்க ஒட்டியிருந்தபோது கேபினுக்குள் இஞ்சின் மட்டும் ஒரு நிதானத்தோடு ஓடியதாம். "அடேயப்பா" என்றிருக்கிறாள் சித்தி. "என்ன அடேயப்பா?" என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஓடும் லாரிக்குள் அவர்கள் கத்தாமல் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

ஒவ்வொரு மைல் கல்லிலும் நிறுத்தினோம். டிங்கர் ஒரு துண்டை உரிப்பார். வண்டி மறுபடி கிளம்பும். சித்தி மடியில் நோட்டுப்புத்தகம். முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த காற்றுத் துவாரத்தின் மூடி: "ஊதல், சின்னது." அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளம்: "படபடப்பு. உள்ளே இருக்கற வெல்வெட் போயிருக்கணும்." சித்தப்பாவும் தலையாட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அந்தச் சத்தங்கள் அவருக்கும் கேட்டன.

ஆறாவது நிறுத்தத்தில் சித்தப்பா பக்கத்து முக்கோணக் கண்ணாடியின் டேப்பை உரித்தார் டிங்கர். வேகம் எடுத்ததுமே கேபினுக்குள் ஒரு விசில். கெட்டில் கொதிக்கிற மாதிரி, மெல்லிசாக, கூர்மையாக. சித்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இதாங்க! இதுதான் எல்லாத்துலயும் மோசம்."

"எது?"

"இந்த விசில்."

"எந்த விசில்?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, "ஆமா ஆமா, கேக்குது. நல்லாவே கேக்குது" என்றார்.

எக்சேஞ்சில் வேலை பார்த்தவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வயதானவர்கள், தயங்குகிறவர்கள், திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் சொல்லும் "கேக்குது, கேக்குது" எப்படி இருக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. உண்மையிலேயே கேட்டவர்கள் கேட்கிறது என்று சொல்வதில்லை. பதிலைச் சொல்வார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் அவள் தன் பக்கத்து டேப்பைக் கிழித்துக்கொண்டு இறங்கினாள். மெதுவாக நடந்து அவர் பக்கம் போய், டிங்கர் டேப்பை உரித்ததும் அவர் இறக்கிவைத்திருந்த ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி, அவர் பார்வைக்குப் பின்னால் நின்றாள். அவர் எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க சட்டையில ஒரு பட்டன் காணோம்."

அவர் திரும்பவில்லை.

"என்னங்க. பட்டன்."

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டிங்கர் குனிந்து தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். சித்தப்பா ஸ்டீரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி நடந்து வந்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். டிங்கர் என்னைப் பார்த்து, "வாம்மா, அங்க நிழல்ல நிப்போம்" என்றார்.

"எத்தனை வருஷமா?" என்று உள்ளே சித்தி கேட்டாளாம்.

அவர் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "ஒரு ஏழெட்டு வருஷம் இருக்கும். ஜன்னல் பக்கத்துக் காது. முதல்ல கொசு மாதிரி ஒரு ரீங்காரம். அப்புறம் அந்தக் கொசுவும் போயிடுச்சு."

"இந்தப் பக்கத்துக் காது?"

"இது பரவால்ல. கொஞ்சம் கம்மிதான். ஆனா கேக்குது." நிறுத்தி, "இது நிஜமாவே" என்றார்.

"ஏன் சொல்லலை?"

 முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாராம்: "லைசென்சு போயிடும்னு பயம். அது பாதி. மீதி… வீட்டுல நீ எந்தப் பக்கத்துலேருந்து பேசுவன்னு எனக்குத் தெரியாது. அடுப்பங்கரையிலேருந்து பேசுவ, மாடியிலேருந்து பேசுவ. நான் பாதிய விட்டுடுவேன். மறுபடி கேட்டா ரெண்டு தடவை சொல்லுவ, மூணாவது தடவை 'ஒண்ணுமில்ல, விடுங்க'ம்ப. அந்த 'ஒண்ணுமில்ல'தான் எனக்குத் தாங்கல. இந்த வண்டியில நீ எப்பவும் ஒரே பக்கம்தான், நல்ல காதுப் பக்கம். கம்பெனி வண்டியில கூட யாரையும் ஏத்தக் கூடாதுன்னுட்டான். இதுல காத்து மட்டும் இல்லேன்னா, நீ பேசறது ஒண்ணுவிடாம கேக்கும்னு நெனச்சேன்."

"கழுத்துக்காகன்னு சொன்னீங்களே."

"கழுத்துக்காகவும்தான்."

சித்தி அழுதாளா என்று நான் கேட்டேன். "அழுகை அப்புறம். முதல்ல கோவம்தான் வந்துச்சு" என்றாள். "காது சரியா கேக்காதவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு சம்பளம் வாங்கிக்கிட்டுப் பேசினவ நான். கத்தக் கூடாது, வார்த்தைய உடைச்சுச் சொல்லணும், கேக்கலைன்னா வேற வார்த்தையில சொல்லணும். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் செஞ்சேன். இந்த மனுஷன் எங்கிட்டயே மறைச்சுட்டாரே!"

நிழலில் நின்ற எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சித்தியின் கை மட்டும் தெரிந்தது. அவர் காதைப் பிடித்துத் திருகுவது மாதிரி எடுத்துக்கொண்டு போய், திருகாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துப்போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். சித்தி வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கருவியைத் திருப்பிக்கொண்டே போக, சித்தப்பா பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தார், பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி. அந்த விரல் அமுக்காமலே இருந்த நேரத்தைத்தான் அவளால் பார்க்க முடியாமல் போயிற்று. அப்போதுதான் அழுதிருக்கிறாள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. தாளில் கோடு போட்டுக் காட்டினாள். ஒரு கோடு கொஞ்சம் சரிந்து போயிற்று. மற்றொன்று பாதி வழியில் கிணற்றுக்குள் விழுந்தது. "போனது திரும்பாது ஐயா. இருக்கறதைக் காப்பாத்திக்கணும். காத்தும் இரைச்சலும் நேரா இந்தக் காதுல அடிச்சிருக்கு, இத்தனை வருஷமா. மெஷின் வெச்சுக்குங்க. மெஷினோட பரிசோதனை பண்ணிச் சான்றிதழ் தர்றேன், வண்டி ஓட்டறதுக்குத் தடை இருக்காது. ஆனா ஒண்ணு, மெஷின்ல காத்து பட்டா அது காத்தைத்தான் பெருசாக்கிக் கொடுக்கும். உங்க வண்டி எப்படி?"

"சல்லடை" என்றாள் சித்தி.

அதன்பிறகு வேலையின் தலைமை அவள் கைக்குப் போய்விட்டது. டிங்கர் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கீலுக்குப் புது ஆணி ஏறியதும் கதவு தன் இடத்தில் போய் நின்றது. பூட்டு விழும் கொண்டியை டிங்கர் ஒரு நூல் உள்ளே தள்ளினார். இப்போது மெல்லிய ரப்பரே போதுமாக இருந்தது. ரப்பரில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தால், வண்டியின் விளிம்பில் சுற்றிலும் வெள்ளைக்கோடு ஒரே சீராகப் படிந்திருந்தது. இரண்டே இடத்தில் விட்டிருந்தது. அங்கே மட்டும் ரப்பருக்கு அடியில் இன்னொரு மெல்லிய துண்டு. ஜன்னல் பள்ளத்துக்குப் புது வெல்வெட் பட்டை வந்தது. முக்கோணக் கண்ணாடியின் ரப்பர் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சித்தியே பழையதை வைத்து அளவு வரைந்து, ரப்பர் தட்டிலிருந்து பிளேடால் வெட்டினாள். மூன்று முறை கெட்டது. நாலாவது உட்கார்ந்தது.

எல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்தால், விசில் அப்படியே இருந்தது.

"அதே விசில்" என்றாள் சித்தி. டிங்கர் தலையில் கைவைத்தார். மூன்று நாள் தேடினார்கள். டிங்கர் முக்கோணக் கண்ணாடியையே கழற்றி மாட்டினார். கடைசியில் சித்தி ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை டாக்டர் நெஞ்சில் வைப்பதுபோலக் கதவோரம் எல்லாம் நகர்த்திப் பார்த்தாள். சித்தப்பா நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கதவில் இல்லை. கண்ணாடியில் இல்லை. அவர் மடிமேல் சாய்ந்து ஜன்னலை இரண்டு விரல் இறக்கிக் குழாயை வெளியே நீட்டியபோது விசில் குழாய்க்குள்ளேயே வந்துவிட்டது. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைத் தாங்கும் இரும்புக் கம்பி. உள்ளே கூடாக இருந்தது, அதன் முனை மூடியைக் காணோம். முக்கோணக் கண்ணாடிக்கு ஒட்டிய டேப் அன்று அந்த முனையையும் சேர்த்து மூடியிருந்திருக்கிறது. காற்று அதைப் புல்லாங்குழல் மாதிரி ஊதிக்கொண்டிருந்தது. பாட்டில் தக்கை ஒன்றைச் செதுக்கி அடைத்தார்கள். அவ்வளவுதான்.

"நாலு ரப்பர் வெட்டினேன்" என்றாள் சித்தி.

"தக்கைதான் அண்ணி" என்று டிங்கர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சித்தியின் கழுத்து அதற்குள் திரும்ப ஆரம்பித்திருந்தது. பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். சித்தப்பாவின் ஜன்னல் பக்கத்துக் காதில் புளியங்கொட்டை அளவுக்கு மெஷின். போகும் வழியெல்லாம் பேசித் தீர்த்துவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தி சொன்னது வேறு.

"பத்துப் பன்னெண்டு மைல் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. வெக்கமா இருந்துச்சு, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி. கத்திக் கத்திப் பழகிட்டோமா, மெதுவா எதைப் பேசறதுன்னு தெரியலை. 'மெஷின் எப்படி இருக்கு?'ன்னேன். 'நல்லா இருக்கு'ன்னாரு. மறுபடி ரெண்டு மைல்."

அப்புறம், பேச வேறு ஒன்றும் கிடைக்காமல், அவள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் முதலாளிக்குப் பேசும்போது, லைனைச் சேர்த்துவிட்டு ஆபரேட்டர் விலகிவிட வேண்டும் என்பது சட்டம். அவள் விலகமாட்டாள். சில வினாடிகள் கேட்டுக்கொண்டிருப்பாள். எத்தனை மூட்டை, எந்தப் பாதை, டயர் பஞ்சர் என்று அவர் கத்துவதை. "வேலையே போயிருக்கும். யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றாள்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"மூச்சு கேக்கும். நீ விலகிட்டா லைன்ல ஒரு சின்ன 'டக்'. அது வராது. பதிலுக்கு மூச்சுதான் வரும். அதுக்காகத்தானே முதலாளிகிட்ட ஒண்ணுமில்லாததையெல்லாம் பேசிக்கிட்டிருந்தேன். 'இன்னிக்கு இங்க வெயிலு'ன்னு ஒருநாள் சொன்னேன். 'இதுக்கா போன் பண்ணே?'ன்னு திட்டினாரு."

சித்தி முன்பலகையில் இரண்டு முறை தட்டினாள். அவர் ஏன் என்று கேட்காமல் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அதற்குமேல் அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வண்டி இன்னும் நாலு வருடம் ஓடியது. கேபின் அமைதியானதும் புதுப்புதுச் சத்தங்கள் கிளம்பின. சீட்டுக்கடியில் ஸ்பேனர் உருள்வது, முன்பெட்டியின் மூடி துடிப்பது, சித்தப்பா தனக்குத்தானே வைவது. முதல் இரண்டையும் சித்தி துணி சுற்றி நிறுத்தினாள். மூன்றாவதற்கு, "எதிர்ல வர்றவனுக்குக் கேக்காது, எனக்குத்தான் கேக்குது" என்பாள். சண்டையும் வந்தது. காற்று இருந்த காலத்தில் பாதிச் சண்டை காற்றோடு போய்விடும். இப்போது ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. ஒரு பயணம் முழுக்க, வாசல் கதவைப் பூட்டினோமா இல்லையா என்று வாதாடிக்கொண்டே போய், திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் தப்பு. வாசல் பூட்டியிருந்தது, பின்கதவு திறந்து கிடந்தது.

என் படிப்பு முடிந்த கோடையில் ஒருமுறை நானும் போனேன். நான் கதவோரம், சித்தி நடுவில், அவர் தோளோடு தோளாக. வெளியே காற்று புற்களைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். சித்தி ஏதோ சொல்வாள், அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டு, பதிலைச் சொல்வார். நான் தூங்கி எழுந்தேன். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி தூங்கினேன்.

முட்டி ஒத்துழைக்காமல் போனதும் சித்தப்பா ஓட்டுவதை நிறுத்தினார். மூக்கனை ஒரு நர்சரிக்காரர் வாங்கிப் போனார். செடிகளை ஏற்றிப் போக அவசரமில்லாத வண்டிதான் தேவையாம். சித்தப்பா இப்போது இரண்டு காதிலும் மெஷின் வைத்துக்கொள்கிறார். வருடத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா தாளில் கோடு போட்டுக் கொடுப்பாள். போன வாரம் நான் போயிருந்தபோது அவர் அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்து, போன வருடத்துத் தாளைப் பக்கத்தில் வைத்து, நல்ல காதின் கோட்டைக் காட்டினார்.

"பாரு, ஒரு நூல் இறங்கலை" என்றார்.

சித்தி மாடியிலிருந்து ஏதோ கேட்டாள். எனக்கே சரியாகப் புரியவில்லை. சித்தப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக மேலே ஏறிப்போனார், பக்கத்தில் போய்க் கேட்பதற்கு.